வைத்திய மாணவரும் சிந்தனைப் பயிற்சியும்

திருச்சிராப்பள்ளி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவைக் காலை வேளையில் கடந்து சென்றவர்கள், மணப்பாறை, துறையூர், முசிறி, லால்குடி முதலிய ஊர்களிலிருந்து விடியலிலேயே பஸ் ஏறி வந்த ஜனங்கள் சீட்டு வாங்க வரிசையில் நிற்பதையும், அவர்களுக்கிடையே கஞ்சி மணம் மாறாத வெள்ளைக் கோட்டு அணிந்த 18, 19 வயதுப் பிள்ளைகள் சிறு சிறு குழுக்களாகச் செல்வதையும் கண்டிருப்பார்கள். அவர்கள் அம்மருத்துவமனையோடு இணைந்த கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியின் இளம் மாணவர்கள். ஆண்டுதோறும் 150 பேர் அங்கே சேர்கிறார்கள். முதலாண்டிலேயே உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் என்னும் மூன்று பெரும் சாஸ்திரங்கள் அவர்கள் தலையில் இறங்குகின்றன. எலும்புகளின் மேடு பள்ளங்களையும் நரம்புகளின் கிளைகளையும் இரவு முழுவதும் உருப்போட்டுவிட்டு மறுநாள் வார்டுக்கு வந்து நின்றால், கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி, "வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது தம்பி" என்கிறாள். அந்த "என்னமோ" எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

நோயாளி சொல்லும் வார்த்தையிலிருந்து தொடங்கி, கேட்க வேண்டியதைக் கேட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்து, இது இன்ன நோயாக இருக்கலாம், இன்னதாக இருக்க இயலாது என்று ஒரு முடிவை நெருங்கிச் செல்லும் மனத்தின் பயணத்தையே வைத்திய சிந்தனை என்கிறோம். இது நேற்று மேல்நாட்டிலிருந்து வந்த விஷயமன்று. சரக சம்ஹிதை நோயை அறியும் வழிகளாக நம்பத்தக்க பெரியோர்களாகிய ஆப்தர்களின் உபதேசம், நேரில் காணும் பிரத்தியட்சம், அனுமானம் என மூன்றைச் சொல்கிறது. வைத்தியர்கள் தம்முள் கூடி எவ்வாறு வாதம் செய்து அறிவைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் விரிவாகவே எடுத்துரைக்கிறது. நம் சித்த வைத்தியர்களும் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு வாயில்களின் வழியாக நோயைத் தேடினார்கள்.

காவிரிக்கு அக்கரையிலுள்ள ஸ்ரீரங்கத்திற்கோ இவ்விஷயத்தில் பழைய உரிமை ஒன்றுண்டு. 13-ஆம் நூற்றாண்டில், ஹொய்சள மன்னன் வீர ராமநாதன் காலத்தில், அரங்கநாதர் கோயிலைச் சார்ந்து ஓர் ஆரோக்கியசாலை ஏற்பட்டது என்பதும், பிற்காலத்துப் படையெடுப்புக்களில் அது சிதைந்து போக, 1493-இல் கருடவாகன பட்டர் என்னும் ஸ்ரீநிவாசர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார் என்பதும் கல்வெட்டுச் செய்திகள். தன்வந்திரி சந்நிதி இன்றும் அங்கே இருக்கிறது. அக்காலத்து வைத்தியக் கல்வி பெரும்பாலும் குருவின் பின்னாலேயே நடந்து, அவர் நோயாளியைப் பார்க்கும்போது தானும் பார்த்து, அவர் கேட்கும் கேள்விகளைத் தானும் மனத்துக்குள் கேட்டுப் பழகி, பல ஆண்டுகளில் அடையப்பெற்றது. ஒரு வகுப்பில் 150 பேர் இருக்கும் இக்காலத்தில் ஒவ்வொருவரும் ஒரு குருவின் நிழலாக நடப்பது எங்ஙனம்?

இந்தக் குறையை நம் கல்வி அதிகாரிகள் உணராமல் இல்லை. முன்பெல்லாம் முதலாண்டு மாணவன் பிணத்தை அறுத்துப் பழகுவானேயன்றி உயிருள்ள நோயாளியை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் முதலாண்டிலேயே மாணவர்களை நோயாளிகளுக்கு அருகே கொண்டு செல்ல வேண்டுமென்று விதித்தது. விதி நல்ல விதிதான். ஆனால் ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றால், முன்வரிசையில் நிற்கும் மூவர் கேட்பார்கள். பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இந்த இடத்தில்தான் இணையத்தின் வழியாகக் கைப்பேசியில் வந்து சேரும் பயிற்சிக் கேள்விகளுக்கு ஒரு பயன் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது நீட் தேர்வு. 180 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், சரியானால் நான்கு மதிப்பெண், தவறானால் ஒன்று குறையும். அந்தத் தேர்வைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்துவரும் விவாதம் யாவரும் அறிந்ததே. அதற்குள் நான் இங்கே புகவில்லை. அத்தேர்வு உண்டாக்கிய ஒரு பழக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். விடை தெரியாவிட்டாலும் மூன்றை நீக்கி நான்காவதைப் பிடிக்கும் சாமர்த்தியத்தில் இம்மாணவர்கள் ஓரிரண்டு ஆண்டுகள் அயராது பழகி வந்திருக்கிறார்கள். நோயாளியோ நான்கு விடைகளைக் கையில் ஏந்திக்கொண்டு வருவதில்லை. ஆகவே, எந்தக் கருவியில் இவர்கள் இவ்வளவு தேர்ச்சி பெற்றிருக்கிறார்களோ, அதே கருவியை எடுத்து, அதன் உள்ளமைப்பை மாற்றி, சிந்தனையின் பக்கம் திருப்புவதே ஆசிரியரின் வேலையாகிறது.

எப்படித் திருப்புவது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். இது கற்பனையாக அமைத்த கேள்வி. ஆனால் இதில் வரும் நோய் கற்பனையன்று.

ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டும் ஒரு பெண், வயது 42. மார்கழியில் பகல் பத்தும் இராப் பத்தும் நடக்கும் நாட்களில் மாலைகளுக்கு ஓய்வில்லை; காலை முதல் இரவு வரை சம்மணமிட்டு உட்கார்ந்து தொடுத்திருக்கிறாள். ஒரு நாள் எழுந்து நடந்தபோது, "வலது கால்ல செருப்பு நிக்கவே மாட்டேங்குது, நடந்தா முன்பாதம் தரையில தட்டுது" என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். வலி இல்லை. கேள்வி இத்தோடு நிற்கிறது. விடைகள் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. "கோளாறு எங்கே இருக்கலாம்? தோன்றும் இடங்களை எழுதுக" என்று மட்டும் திரை கேட்கிறது.

முதலாண்டு மாணவனுக்கு இதற்கு வேண்டிய அறிவு முழுவதும் கைவசம் இருக்கிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்குவது, காமன் பெரோனியல் என்னும் நரம்பிலிருந்து பிரியும் கிளை. அந்நரம்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றி வளைந்து வருகிறது. அவ்விடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே அதற்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. நெடுநேரம் சம்மணமிட்டிருந்தால் அங்கே அழுத்தம் விழும். ஆனால் பாதம் தொங்குவதற்கு அது ஒன்றுதானா காரணம்? இடுப்பில் முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி ஐந்தாவது இடுப்பு நரம்பு வேரை நசுக்கினாலும் பாதம் தொங்கும். மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பக்கவாதம் கண்டாலும் தொங்கலாம். மூன்று இடங்கள், மூன்றுக்கும் வைத்தியம் வேறு, அவசரம் வேறு.

மாணவன் எழுதிய பின்புதான் அடுத்த படி திறக்கிறது. "இம்மூன்றையும் பிரித்தறிய எதைச் சோதிப்பாய்?" இங்கேதான் உடற்கூற்றுப் பாடம் உயிர் பெறுகிறது. பாதத்தை உட்புறமாகத் திருப்பும் தசைக்கு வேர் அதே ஐந்தாவது இடுப்பு நரம்பு. ஆனால் அதற்கு நரம்பு வரும் பாதை வேறு. அது காமன் பெரோனியல் வழியாக வராமல் டிபியல் நரம்பின் வழியாக வருகிறது. ஆகவே பாதத்தை மேலே தூக்க முடியாத அப்பெண், உட்புறமாகப் பலத்தோடு திருப்ப முடிந்தால், வேர் நன்றாக இருக்கிறது, பழுது கீழே ஃபிபுலாவின் கழுத்தருகில்தான் என்று அனுமானிக்கலாம். திருப்பவும் முடியாவிட்டால் இடுப்பைச் சந்தேகிக்க வேண்டும். முகமும் கையும் தளர்ந்திருந்தால், உள்ளங்காலைக் கீறியதும் பெருவிரல் மேல்நோக்கி எழுந்தால், மூளையைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரே ஓர் அசைவைக் கேட்டுப் பார்ப்பதில், எந்தப் படமும் எடுக்காமல், எந்த ரத்தமும் உறிஞ்சாமல், இவ்வளவு தூரம் செல்ல முடிகிறது என்பதை முதன்முதலாக உணரும் மாணவன் அன்றைக்குப் படித்த நரம்பை ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

இன்னும் ஒரு படி உண்டு. "காரணம் அழுத்தம்தான் என்று முடிவு செய்யுமுன் வேறு எதைப் பார்க்காமல் விடக்கூடாது?" பெரும்பாலான பிள்ளைகள் சர்க்கரை நோயைச் சொல்லக்கூடும். அதுவும் சரிதான். தொழுநோயைச் சொல்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். 2005-ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியாவில் அந்நோய் தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்துக்கும் கீழே இறங்கியது. அதன்பின் பிறந்த தலைமுறை அதை முடிந்த கதையாகவே எண்ணுகிறது. ஆனால் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. அதற்குப் பிரியமான நரம்புகளில் இந்தப் பெரோனியலும் ஒன்று. ஃபிபுலாவின் கழுத்தில் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், உடலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று தேடுவதும் இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷம் தவறினால், மருந்தால் குணமாகக்கூடிய ஒரு நோய் ஆண்டுக்கணக்கில் ஒருத்தியின் உடலில் வளர்ந்துகொண்டே போகும். அழுத்தம் மட்டுமே காரணமாக இருந்து, நரம்பைச் சூழ்ந்த மயலின் உறையைத் தாண்டிச் சேதம் செல்லாதிருந்தால், உட்காரும் முறையை மாற்றி, தக்க பயிற்சி கொடுத்துவர, சில வாரங்களிலோ மாதங்களிலோ அவள் பாதம் பழையபடி எழும்.

இத்தகைய கேள்வியில் தவறான விடைக்கும் விளக்கம் இருக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். "தவறு, சரியான விடை இது" என்று ஒரு வரியில் முடித்துவிடும் கேள்வி வங்கிகள் இன்று கைப்பேசிகளில் மலிந்து கிடக்கின்றன. மாணவன் பக்கவாதம் என்று எழுதியிருந்தால், அவன் நினைத்ததில் நியாயம் எவ்வளவு, எந்தத் தடயம் அதை மறுக்கிறது என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வதுதான் கற்பித்தல். மற்றது வெறும் கணக்கெடுப்பு.

இம்முயற்சிக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1960-களில் அமெரிக்காவில் நோயாளியின் கதையை அச்சிட்டுக் கொடுத்து, மாணவன் எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுக்கிறானோ அதற்குரிய மறைந்த எழுத்தை வெளிப்படச் செய்து படிக்கும்படியான காகிதக் கேள்விகளை உண்டாக்கினார்கள். இன்றைய படிப்படியாகத் திறக்கும் இணையக் கேள்விக்கு அதுவே முன்னோடி. ஆனால் அதில் விசித்திரமான ஒரு குறை வெளிப்பட்டது. எல்லாச் சோதனைகளையும் ஒன்றுவிடாமல் கேட்டவனுக்கு மதிப்பெண் ஏறியது. இரண்டே கேள்விகளில் நோயின் வேரைத் தொட்டுவிடும் அனுபவசாலியான வைத்தியருக்கு மதிப்பெண் குறைந்தது. அக்கறையை அளக்கப்போய், சிந்தனையைத் தண்டித்துவிட்டார்கள். பின்னர் கனடாவில் ழார்ஜ் போர்தாஜ், கார்டன் பேஜ் என்போர், ஒரு நோயைக் கையாள்வதில் எந்தப் படி முடிவைத் தீர்மானிக்கிறதோ, எங்கே தவறுவது எளிதோ, அந்த இடத்தை மட்டும் கேட்டால் போதும் என்னும் கொள்கையின்மேல் கேள்விகளை அமைத்து அக்குறையைப் பெரும்பாலும் நீக்கினார்கள்.

இதற்கிடையே 1978-இல் ஆர்தர் எல்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒரு பழைய நம்பிக்கையைக் கலைத்தது. தேர்ந்த வைத்தியர் எல்லாத் தகவல்களையும் சேகரித்து முடித்த பின்னரே யோசிக்கத் தொடங்குகிறார் என்று எண்ணியிருந்தார்கள். அப்படியன்று, நோயாளி பேசத் தொடங்கிய சற்று நேரத்திலேயே சில அனுமானங்கள் அவர் மனத்தில் எழுந்துவிடுகின்றன, பிறகு கேட்கும் கேள்விகளெல்லாம் அவற்றைச் சோதிப்பதற்கே. அதைவிட முக்கியமானது, ஒரு நோயில் சாமர்த்தியமாக யோசித்தவர் வேறொரு நோயிலும் அப்படியே யோசிப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை என்பது. இருதயத்தில் நிபுணராக இருப்பவர் வயிற்றில் திகைக்கலாம். ஆகையால் இந்தத் திறமையைப் பொதுவான ஒரு சூத்திரமாகக் கற்பிக்க முடியாது. பலவிதமான நோயாளிகளைப் பலமுறை சந்தித்தே அடைய வேண்டும். வார்டு அத்தனை பேரையும் ஒரு மாணவனுக்குக் காட்ட முடியாதபோது, நன்கு அமைந்த கேள்விகள் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்புகின்றன.

படித்ததை மீண்டும் படிப்பதைக் காட்டிலும், படித்ததைக் கேள்வி கேட்டு நினைவுக்குக் கொண்டுவருவது மேலானது என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 சதவீதத்தையே நினைவு கூர்ந்தார்கள். ஒரு முறை படித்து, மூன்று முறை தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் 61 சதவீதத்தை நினைவு கூர்ந்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோதோ, பலமுறை படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். பரீட்சைக்கு முந்தின இரவு விழித்துப் படிக்கும் மாணவன் ஏன் தான் நன்றாகக் கற்றதாக நம்பி ஏமாறுகிறான் என்பது இதிலிருந்து விளங்கும்.

சிந்தனையில் நேரும் பெரும் பிழை, முதலில் தோன்றிய அனுமானத்திலேயே மனம் ஊன்றிவிடுவது. இதற்கும் நம் ஊர்ப்புறத்திலேயே பாடம் இருக்கிறது. மழைக்காலத்தில் கொள்ளிடக் கரை வயலில் வேலை செய்யும் ஒருவருக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், தலைவலி. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவு. டெங்கு பரவியிருக்கும் நாட்களில் எல்லோர் வாயிலும் டெங்கு என்றே வரும். ஆனால் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளையும் தொடை இடுக்கையும் பார்த்தால், வலியில்லாத ஒரு சிறு கருகிய புண் அங்கே இருக்கலாம். அது ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் காய்ச்சலின் முத்திரை. புதர்களிலும் வரப்புகளிலும் வாழும் மிகச் சிறு உண்ணிப் பூச்சியின் கடியால் வருவது. டாக்ஸிசைக்ளின் என்னும் எளிய மருந்துக்குப் பெரும்பாலும் இரண்டு நாட்களிலேயே கட்டுப்படும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கி உயிரையும் கொள்ளும். இங்கே கேள்வியை வேறு விதமாக அமைக்கலாம். "டெங்கு என்று நினைத்திருந்தாய், இப்போது அக்குளில் இந்தப் புண்ணைக் கண்டாய், உன் சந்தேகம் கூடுகிறதா, குறைகிறதா, எவ்வளவு?" என்று கேட்டு, மாணவன் சொன்னதை அனுபவமிக்க பல வைத்தியர்கள் சொன்னதோடு ஒப்பிட்டுக் காட்டும் முறையை மாண்ட்ரியலில் பெர்னார் ஷார்லின் உருவாக்கினார். பெரியவர்களுக்குள்ளும் அபிப்பிராய பேதம் உண்டு என்பதை மறைக்காமல் காட்டுவது அதன் விசேஷம்.

இந்த ஸ்க்ரப் டைஃபஸ் அமெரிக்கக் கேள்வித் தொகுப்புக்களில் அபூர்வமாகவே தலைகாட்டும். அங்கே வயலும் காடும் என்றால் லைம் நோய் வரும். நம் பிள்ளைகள் கட்டணம் செலுத்திப் பயிலும் இந்தியத் தொகுப்புக்களோ பெரும்பாலும் முதுகலை நுழைவுத் தேர்வைக் குறியாகக் கொண்டவை. திருச்சி வார்டில் படுத்திருப்பவர்களைப் பற்றிய கேள்விகளைத் திருச்சி ஆசிரியர்களே எழுத வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அக்கேள்விகளில் நோயாளி தமிழில் பேச வேண்டும். "வாயுப்பிடிப்பு மாதிரி இருக்கு, இடது தோள்பட்டை இழுக்குது" என்று ஒரு டிராக்டர் ஓட்டுநர் வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்கும்போது, அதை மாரடைப்பாக இருக்குமோ என்று சந்தேகிக்கும் பழக்கம் இங்கிலீஷ் வாக்கியங்களைப் படித்து வருவதன்று. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்ததன் பயனாக, தமிழ் வழியிலேயே படித்த கிராமத்துப் பிள்ளைகள் பலர் இன்று இக்கல்லூரிகளில் இருக்கிறார்கள். நோயாளியின் பேச்சைப் புரிந்துகொள்வதில் அவர்கள் மற்றவர்களுக்குப் பின்தங்கியவர்களல்லர், முன்னே நிற்பவர்கள். அந்தப் பலத்தைப் பயன்படுத்தாத கல்விமுறை தன் கையிலுள்ள செல்வத்தை அறியாதது. இக்கல்லூரிக்குப் பெயர் தந்த முத்தமிழ்க் காவலர் கி. ஆ. பெ. விசுவநாதம் தமிழறிஞர், தமிழ் மருந்துகளைப் பற்றி நூலும் எழுதியவர். அவர் பெயரிலுள்ள நிலையத்தில் நோயாளி தமிழில் பேசும் கேள்வித் தொகுப்பு ஒன்று உருவாவது மிகப் பொருத்தமாக இருக்கும்.

கைப்பேசிக் கேள்வி நோயாளிக்கு மாற்றாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். தடித்த நரம்பைத் திரையில் தடவிப் பார்க்க இயலாது. பயந்திருக்கும் ஒரு முகத்தைப் பார்த்து எப்போது பேச்சை நிறுத்த வேண்டும் என்பதையும் அது கற்றுத் தராது. தனியே அறையில் உட்கார்ந்து நூறு கேள்விகளுக்கு விடை தட்டுவதைவிட, நான்கு பேர் கூடி ஒரே கேள்வியை ஒரு மணி நேரம் வாதிப்பது மேல். சரகர் சொன்ன வைத்திய வாதம் அதுதான். ஆசிரியரும் அவ்வாதத்தில் சில நிமிஷங்கள் வந்து அமர்வாராயின் அதற்கு ஈடில்லை.

ஆகவே இவ்வூர் மருத்துவக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும், ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் ஓய்வு பெற்று வாழும் வைத்தியப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் நினைவில் நிற்கும் நோயாளிகளின் கதைகளை, பெயரும் அடையாளமும் நீக்கி, நீங்கள் எங்கே தயங்கினீர்கள், எந்தத் தடயத்தைக் கண்டு மனத்தை மாற்றிக்கொண்டீர்கள் என்பதோடு எழுதிக் கொடுங்கள். அவற்றைப் படிப்படியாகத் திறக்கும் கேள்விகளாக்கும் வேலையை இளைய ஆசிரியர்கள் செய்துகொள்வார்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: புத்தூர் மருத்துவமனையில் நீங்கள் காத்திருக்கும்போது ஒரு மாணவியோ மாணவனோ அருகில் வந்து, "அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சம்மணம் போட்டு உட்காருவீங்க?" என்பது போல, நோய்க்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றும் ஏதேனும் ஒன்றைக் கேட்டால், சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.